குடிவழியும் பொது மூதாயும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் மரபு. இவ்விரு கரையிலும் மணம் பேசுங்கால் முதியோர் முதற்கண் கேட்கும் வினா ஒன்று உண்டு: "பிள்ளை என்ன குடி?"

குடி தாய்வழி வருவது. தாயின் குடியே மக்களின் குடி. மகனும் அக்குடியினனே, எனினும் அவன் மக்கள் தம் தாயின் குடியைச் சேர்வர். ஒரே குடியினர் மணத்தல் மரபன்று. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையும் இவ்வழக்கு உண்டு.

அவ்வினாவின் உட்பொருள் யாது? 'இவ்விருவர்க்கும் பொது மூதாய் உளளோ?' என்பதே. ஒருவருக்குத் தாய், தந்தை என இருவர், அவர்க்கு நால்வர், இங்ஙனம் பத்தாந் தலைமுறையில் 1,024 இடங்கள் தோன்றும். இத்துணைக் கிளைகளிலும் தேடுதல் அரிது. தாய்வழி மட்டும் ஏறினால் பத்துப் பெயர்களே போதும்.

தேடும் முறையும் எளிது. மணமகளின் தாய், தாயின் தாய் எனப் பெயர்களை நிரலாக எழுதுக. மணமகனுக்கும் அவ்வாறே எழுதுக. ஒரு நிரலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கீழிருந்து மேலாக ஒப்புநோக்குக. முதலில் ஒத்து வருபவளே அண்மைப் பொது மூதாய். அவளுக்கு மேல் இரு நிரலும் ஒன்றே. கணினி நூலார் இருகிளை மரத்திற் பொது முன்னோரைக் காணும் முறையும் இதுவே. அவர்தம் மரத்துக்கும் வேர் மேலேயே இருக்கும்.

ஈண்டு ஒரு நுட்பம் உணரற்பாலது. சின்னம்மா மகளுக்கும் மாமன் மகளுக்கும் மூதாய் ஒருத்தியே. எனினும் முன்னவள் தங்கை. பின்னவள் மச்சாள், மணமுறை உடையவள். மூதாய் ஒருத்தியாயினும் வழி வேறு. மாமன் வழி வருங்கால் தாய்க்கொடி அறுந்து, மாமியின் குடி தொடங்குகின்றது. ஆதலின் பொது முன்னோரைக் காண்டல் மட்டும் போதாது. எவ்வழி ஏறினோம் என்பதும் வேண்டும்.

முக்குவர் சட்டத்தின் தாய்வழிச் சொத்துரிமை 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. பிரிட்டோ என்பார் அச்சட்டத்தை நூலாக்கியதும் அவ்வாண்டிலேயே. சொத்துரிமை போயும் குடி நின்றது. அதனைக் காத்தது ஏடன்று, முதியோர் நினைவு.

அந்நினைவு இன்று அருகி வருகின்றது. போர் ஊர்களைக் கலைத்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர முதியோர் பலரைக் கொண்டுபோயிற்று. குடிப்பெயர் ஒன்றே எஞ்சுமாயின், 'உறவு உண்டு' என்று அறியலாமேயன்றி, எத்தாயிடத்துப் பிரிந்தோம் என்று அறிதல் இயலாது.

மாணவர்காள்! இன்றே அம்மம்மாவின் அருகிருந்து, அவர் தாயின் பெயரையும் அத்தாயின் தாய் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடியால் உயர்வு தாழ்வு பேசற்கன்று; உங்களை ஈன்ற தாயரின் பெயர் மறையாமைப் பொருட்டே.