மார்க்குப் பட்டியலும் ஒரு கடிதமும்

நம் சங்கத்து நண்பர் பலர் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் அவர் யாரை அறிவார்? அந்நாட்டிலோ பதினேழு வயதுப் பிள்ளை கல்லூரியில் சேரும்போதே பல இடங்களில் இக்கடிதம் கேட்கப்படுகிறது. அது எத்தகைய பள்ளியில் பொருளுடையதாகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வெர்மாண்ட் மாகாணத்தில் புட்னி என்னும் ஊர். அங்கே கார்மெலிட்டா ஹின்டன் என்ற அம்மையார் 1935-இல் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி தொடங்கினார். மாணவர் தொகை இன்றும் ஏறத்தாழ 225 தான். பள்ளிக்குச் சொந்த மாட்டுப் பண்ணை உண்டு. விடியுமுன் எழுந்து பால் கறப்பதும் கொட்டிலைக் கூட்டுவதும் பிள்ளைகளின் வேலை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குச் சாணம் எதற்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அங்கே படித்த அம்மையாரின் மகள் ஜோன், பின்னாளில் லாஸ் அலமோஸ் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார். பிறகு சீனாவுக்குப் போய் மாட்டுப் பண்ணையிலேயே வாழ்நாளைக் கழித்தார் என்பது வேறு கதை!

இத்தகைய பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் கட்டில் ஒரே ஒரு தேர்வின் எண் மட்டும் இராது. நான்கு ஆண்டுப் பாடங்களின் பதிவு இருக்கும். இப்பள்ளியில் என்ன கற்பிக்கிறோம், எப்படி மதிப்பிடுகிறோம் என்று பள்ளியே எழுதும் குறிப்பு இருக்கும். ஆசிரியர் கடிதங்களும் இருக்கும். வகுப்பில் பத்துப் பதினைந்து பேரே இருந்தால், எந்தப் பிள்ளை கேள்வி கேட்கிறான், எவள் தவறிய கணக்கை மறுநாள் திருத்திக் கொண்டு வருகிறாள் என்று ஆசிரியர் அறிவார். கடிதத்தில் அதை எழுத முடியும்.

இப்படிப் படித்தவர்கள் கல்லூரியில் தேறுவார்களா? அமெரிக்காவில் முற்போக்குக் கல்விச் சங்கத்தார் இதைச் சோதித்தே பார்த்தனர். 1933 முதல் 1941 வரை 30 உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தம் பாடத் திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை தரப்பட்டது. ஏறத்தாழ 300 கல்லூரிகள், இப்பள்ளி மாணவர்களைத் தம் வழக்கமான சேர்க்கை விதிகள் இல்லாமலே எடுத்துக் கொள்ள இசைந்தன. பிறகு வயது, திறன், குடும்பச் சூழல் எல்லாம் ஒத்த வேறு பள்ளி மாணவரோடு ஒருவருக்கு ஒருவராக 1,475 இணைகளை ஒப்பிட்டனர். விதிகளை மீறிப் படித்தவர்கள் பின்தங்கவில்லை. சராசரியில் ஒரு படி முன்னேயே நின்றனர். அதிலும், மிகத் துணிந்து மாறிய ஆறு பள்ளிகளின் பிள்ளைகளே சிறந்து விளங்கினர்.

இதைப் படித்தபோது எனக்கு உற்சாகம் பொங்கியது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புட்னியில் தங்கிப் படிக்க ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் வேண்டும். உபகாரச் சம்பளம் எல்லோருக்கும் கிட்டாது. ஆசிரியர் தன்னை அறிந்திருப்பது என்பதே அங்கு விலை கொடுத்து வாங்கும் பொருள். நம் பொதுத் தேர்வு முகம் பாராதது. அதனாலேயே ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. 2022 முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களில் பொது நுழைவுத் தேர்வு வந்தபின், நம் பள்ளி ஆசிரியர் தந்த மார்க்குக்கும் அங்கே வேலை குறைந்துவிட்டது.

அந்த எட்டாண்டு ஆய்வின் அறிக்கை 1942-இல் வெளிவந்தது. அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. படிக்க ஆளில்லை. கல்லூரிகள் பலவும் பழைய விதிகளுக்கே திரும்பிவிட்டன.