நினைவிழந்தோரும் மெய்நிகர்க் காட்சியும்: மேய்ப்புப்பணி நோக்கில் ஒரு சிந்தனை

நினைவு தேய்ந்துபோன முதியவரைச் சந்திக்கச் செல்லும் போதகர், தம்மை அடையாளம் காணாத ஒருவரிடம் என்ன பேசுவது என்று திகைப்பதுண்டு. சுருக்கமாக ஜெபித்துவிட்டு எழுந்துவிடுவது நம்மில் பலருடைய வழக்கமாகிவிட்டது. டிமென்ஷியா எனப்படும் நோய்த் தொகுதியுள் மிகப் பரவலான வகையை 1906இல் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் முதன்முதல் விவரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் மக்கள் டிமென்ஷியாவுக்கு ஆளாகியிருந்தனர். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லாமையால் பராமரிப்பு முறைகள் முதன்மை பெறுகின்றன. அவற்றுள் புதியது மெய்நிகர்க் காட்சி.

1. முறையும் பயனும்

தலையில் அணியும் கருவி ஒன்று, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டி ஆழத்தைத் தோற்றுவிக்கிறது. தலையைத் திருப்புந்தோறும் காட்சியும் திரும்புகிறது. ஆகவே அணிந்தவர், அவ்விடத்திலேயே தாம் நிற்பதாக உணர்கிறார்.

இங்கிலாந்தில், கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நார்தாம்ப்டனிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் இதனைப் பயன்படுத்தி, முடிவுகளை 2019இல் வெளியிட்டனர். பங்குபெற்றோர் 41 முதல் 88 வயது வரையிலான எண்மர். பேராலயம், காடு, மணற்கடற்கரை, பாறைக்கடற்கரை, நாட்டுப்புறம் ஆகிய ஐந்து காட்சிகளுள் தாம் விரும்பியதை அவர்கள் தெரிந்துகொண்டனர். காட்சியில் வந்த பாலம் ஒருவருக்குத் தம் பழைய பயணமொன்றை நினைவூட்டியது. மற்றொருவர் பின்னர் ஓவிய வகுப்பில் கடற்கரையை வரைந்தார். ஆய்வு சிறியது, எனினும், வெளியே செல்ல இயலாதவருக்கு உலகத்தின் ஒரு பகுதியையேனும் திருப்பித்தர இயலும் என்பதை அது காட்டுகிறது.

2. இரண்டு வினாக்கள்

முதலாவது, இது ஏமாற்றுதலாகாதா? நோயாளிக்கு எடுத்துரைத்து, அவர் இசைவுடன் அணிவித்து, அவர் விரும்பியபோது அகற்றினால் அது ஏமாற்றுதல் அன்று. ஆனால் அவரை அடக்கி வைப்பதற்காகப் பராமரிப்போர் தம் வசதிக்கென அணிவித்தால், காட்சி எவ்வளவு அழகியதாயினும் அது அன்பின் செயலாகாது.

இரண்டாவது, உடனிருத்தலுக்கு இது மாற்றாகுமா? டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட தமது நூலில், ஆள்தன்மை என்பது உறவில் பிறர் நமக்கு அளிக்கும் மதிப்பு என வலியுறுத்தினார். கருவியோ, அணிந்தவரின் கண்களை அருகில் இருப்பவரின் முகத்திலிருந்து மறைக்கிறது. எனவே இதன் உண்மையான பயன், கருவியைக் கழற்றிய பின்பு நிகழும் உரையாடலிலேயே உள்ளது. பாலத்தை நினைவுகூர்ந்தவருக்கு அதைக் கேட்க ஒருவர் தேவை.

3. இறையியல் அடிப்படை

நினைவே மனிதன் எனின், நினைவிழந்தவர் யார்? ஜான் ஸ்வின்டன் 2012இல் எழுதிய நூலில், நம் அடையாளம் கடவுளுடைய நினைவில் நிலைபெறுகிறது என்கிறார். விவிலியத்தில் கடவுள் நினைவுகூர்வது வெறும் ஞாபகமன்று, ஒருவருக்காகச் செயல்படுவதாகும். நோவாவை அவர் நினைத்தருளியபோது வெள்ளம் வடியத் தொடங்கியது (ஆதி. 8:1). தாய் மறந்தாலும் அவர் மறவார் என்பதே ஏசாயா 49:15இன் உறுதி.

இதிலிருந்து நம் நடைமுறைக்கு ஒரு கேள்வி எழுகிறது. "இவருக்குப் புரியாதே" என்று கருதி, இத்தகையோருக்குத் திருவிருந்து அளிக்கத் தயங்குகிறோம். தன் திருமுழுக்கை நினைவுகூர இயலாத குழந்தையைச் சபையின் உறுப்பாக ஏற்கும் நாம், பிற்காலத்தில் அதை மறந்தவரை எவ்வாறு விலக்கலாம்? அவர் நினைவுகூர இயலாததை அவருக்காகச் சபை நினைவுகூர்கிறது.

மெய்நிகர்க் கருவி எல்லாச் சபைகளுக்கும் எட்டுவதன்று. ஆயினும் அதன் படிப்பினை எட்டும். பழைய திருமணப் படம், இளமையில் பாடிய கீர்த்தனை, அவர் வழக்கமாக அமர்ந்த ஆலய இருக்கை ஆகியவையும் கதவுகளைத் திறக்கக்கூடும். அடுத்த சந்திப்பில் சற்று நேரம் கூடுதலாக அமர்ந்திருப்போம். நம் பெயரை அவர் மறந்திருக்கலாம். அவர் பெயரை நாம் சொல்லி அழைப்போமாக.