முள் ஏறுவது எங்கே, எப்போது?

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிப் போகும் லோடு லாரிக்குத் தொப்பூர் கணவாய் கடுமையான சோதனை. சின்ன கியரில் ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் தன் முழு பலத்தையும் கொடுக்கிறது. வேகம் குறைவாக இருப்பதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. ஹீட் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டு வண்டி ஓரங்கட்டப்பட்டதும் ஆலோசனைகள் குவியும். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்" என்பார் ஒருவர். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்க" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிரைவரிடம் ஒன்றைக் கேட்பார்: வண்டி எங்கே சூடாகிறது? மேட்டில் மட்டும் முள் ஏறி, சமதளத்தில் வேகமெடுத்ததும் இறங்கினால் சந்தேகம் காற்றோட்டத்தின் மேல். நான்குவழிச் சாலையில் நல்ல வேகத்தில் ஓடும்போதே முள் ஏறினால் தண்ணீரோட்டத்தின் மேல். பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

காற்றைத் தடுப்பது பெரும்பாலும் அழுக்குதான். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது, ஏ.சி. வண்டியென்றால் கண்டன்சரும் சேர்ந்துகொள்ளும். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். இரண்டு அடுக்குக்கு நடுவே வைக்கோல் தூசும் பூச்சியும் மண்ணும் அப்பிக் கிடக்கும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அடுத்தது ஃபேன். இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றும்போது கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால், ஃபேன் கிளட்ச்சுக்குள் இருக்க வேண்டிய சிலிக்கோன் எண்ணெய் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர்ப் பக்கம் வந்தால், முதலில் ரேடியேட்டர் மூடி. அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கூடுதலாக 1 பார் அழுத்தம் கிடைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த 20 டிகிரி பாதுகாப்பும் போய்விடும். விலை குறைந்த சாமான் என்பதாலேயோ என்னவோ, இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திரம் வெந்நீரும் வெப்பமானியும் போதும். அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியில், பெரும்பாலும் எண்பதுகளில், வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். கெட்டிருந்தால் மாற்றலாம், ஆனால் எடுத்துவிட்டு ஓட்டுவது தவறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அது இல்லையென்றால் சுடுதண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த காரியம் மேட்டில் சூட்டைக் கூட்டிவிடும்.

இனி, உரிமையாளருக்குப் பெரும் செலவு வைக்கும் இடம். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்கிறார்கள். ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறது. உடனே ஹெட்டைக் கழற்ற ஏற்பாடு நடக்கும். ஆனால் பல கனரக லாரிகளில் ஏர் பிரேக் கம்ப்ரசரின் ஹெட்டைக் குளிர்விப்பதும் இதே தண்ணீர்தான். கம்ப்ரசரின் கேஸ்கெட் விட்டுப்போனாலும், அதன் ஹெட்டில் கீறல் விழுந்தாலும், அழுத்தக் காற்று தண்ணீருக்குள் புகுந்து அதே போன்ற குமிழியைக் கிளப்பும்.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஏர் டேங்கைக் காலி செய்து, கம்ப்ரசரிலிருந்து காற்று போகும் பைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்று வெளியே போய்விடுவதால் கம்ப்ரசருக்குள் அழுத்தம் ஏறாது. குமிழி நின்றுவிட்டால் பழுது கம்ப்ரசரில். நிற்காமல் வந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டையும், ஈ.ஜி.ஆர். கூலர் உள்ள வண்டியென்றால் அதையும் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கூலர் ஓட்டையானால் தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் கூலன்ட் குறையும். சைலன்சரில் வெள்ளைப் புகை வரும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது நம் ஊர்த் தண்ணீர். போர்வெல் உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி, சிலிண்டர் லைனரைச் சுற்றிச் சுண்ணாம்புப் படிவம் ஏறுகிறது. இரும்பைவிடப் பல மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும் படிவம் அது. லைனரின் வெளிச்சுவர் அதிர்வில் உண்டாகும் நுண்குமிழிகள் உடைந்து உடைந்து இரும்பை ஊசிக்குத்தாக அரிக்கவும் செய்யும். கனரக டீசலுக்கான கூலன்ட்டில் சேர்க்கப்படும் ரசாயனங்கள் அந்த அரிப்பைத் தடுக்கத்தான் இருக்கின்றன. கடைசியில் தண்ணீர் ஆயிலில் கலந்தால் பேரிங்கும் கிராங்கும் போகும்.

வழியில் சூடேறினால் டிரைவர் செய்யக்கூடாதவை இரண்டு. சூடான மூடியைத் திறக்கக்கூடாது, முகத்தில் பீய்ச்சியடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹெட் வெடிக்கும். கூலன்ட் குறையாமல் இருந்தால் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கலாம். கொட்டிப்போயிருந்தால் அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும்.

லாரி வைத்திருப்பவர்கள் ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன், கம்ப்ரசர் பைப்பைக் கழற்றிப் பார்த்தாயிற்றா என்று பட்டறையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.