காய்ந்த ஏரி மண்ணில் காத்திருக்கும் மீன் தீவனம்!

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். அதற்குத் தெற்கே விரிந்து கிடக்கிறது சமுத்திரம் ஏரி. மலையின் தென்சரிவில் பெய்யும் மழைநீர் வந்து சேரும் இடம் இது. வானம் பார்த்த ஏரிகளுக்கே உரிய குணம் இதற்கும் உண்டு. நல்ல மழை பெய்தால் பெயருக்கு ஏற்றபடி கடலாக விரியும். மழை பொய்த்தால் மாடு மேயும் தரையாகிவிடும். இப்படிப்பட்ட ஏரி நிரம்பிய சில வாரங்களில், தண்ணீரில் கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் நீந்தத் தொடங்கிவிடுகின்றன. யாரும் கொண்டுவந்து விடாமலே இவை எங்கிருந்து வருகின்றன?

பதில், காய்ந்த தரையின் வண்டலில் இருக்கிறது.

மூன்று வகை உயிர்கள்

நீரோட்டத்தின் போக்கில் மிதந்து வாழும் சிற்றுயிர்களை ‘விலங்கு மிதவை உயிரிகள்’ என்கிறார்கள். ஏரி, குளங்களில் முக்கியமானவை மூன்று வகை. தலையில் சக்கரம் சுழல்வதுபோல் தோன்றும் ‘ரோட்டிஃபர்’ மிகச் சிறியது. உருப்பெருக்கி இல்லாமல் பார்ப்பது கடினம். ‘டாஃப்னியா’, ‘மொய்னா’ போன்ற நீர்த்தெள்ளுகள் தத்தித் தத்தி நீந்தும். ‘சைக்ளோப்ஸ்’ உள்ளிட்ட துடுப்புக்காலிகள் மூன்றாவது வகை. கண்ணாடி டம்ளரில் ஏரி நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பின்னிரண்டும் வெள்ளைப் புள்ளிகளாக அசைவது தெரியும்.

இவற்றில் பெரும்பாலானவை பாசியையும் பாக்டீரியாவையும் தின்கின்றன. இவற்றை மீன்குஞ்சுகள் தின்கின்றன. ரோகு, மிர்கால் குஞ்சுகளுக்கும் தொடக்கத்தில் இதுதான் உணவு. கட்லாவோ வளர்ந்த பிறகும் மேல்மட்ட நீரில் இவற்றையே வடிகட்டித் தின்னும். ஆக, ஏரியில் மீன் பிடிப்பவரின் வருமானம் கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்களை நம்பித்தான் இருக்கிறது.

மழைதான் காலக்கடிகாரம்

குளிர் நாட்டு ஏரிகளில் வெப்பமும் வெளிச்சமும் இவற்றின் பெருக்கத்தைத் தீர்மானிக்கின்றன. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. இங்கே மழையும் நீர்மட்டமும்தான் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் புதுவெள்ளம் வரும்போது நீர் கலங்கி, இருக்கும் உயிர்களும் நீர்த்துப்போய்விடும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் காலம் இது. மார்கழி முதல் மாசி வரை நீர் தெளிந்து பாசி வளரும்; நீர்த்தெள்ளுகளும் துடுப்புக்காலிகளும் பெருகும். பங்குனி தொடங்கி நீர் வற்றும்போது, சத்துகள் செறிந்து தண்ணீர் கெட்டிப்படும். அப்போது ரோட்டிஃபர்களின் ஆட்சி. தமிழக நீர்நிலைகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றிலும் கோடையில் அதிக எண்ணிக்கையும் மழைக்காலத்தில் குறைந்த எண்ணிக்கையும் பதிவாகியுள்ளன.

உறங்கும் முட்டைகள்

நல்ல காலத்தில் பெண் நீர்த்தெள்ளு, ஆணின் துணையில்லாமலே குட்டிகளை ஈனும். நீர் வற்றி, இரை குறைந்து, நெருக்கடி வரும்போதுதான் ஆண்கள் தோன்றும். அப்போது உருவாகும் முட்டைகளுக்குக் குதிரைச் சேணம் போன்ற கெட்டியான உறை உண்டு. வெயிலையும் வறட்சியையும் தாங்கி, வண்டலில் அவை உறங்கும். பல பத்தாண்டுகள் பழைமையான ஏரி வண்டலில் இருந்த டாஃப்னியா முட்டைகளையும் விஞ்ஞானிகள் பொரிக்க வைத்திருக்கிறார்கள். ரோட்டிஃபர்களுக்கும் இப்படி உறங்கும் முட்டைகள் உண்டு. ஏரி நிரம்பியதும் இவை பொரிக்கின்றன. காற்றும் நீர்ப்பறவைகளின் கால்களும் இவற்றை அடுத்த ஏரிக்குக் கொண்டுசேர்க்கின்றன.

எனவே, வயலுக்கு வண்டல் அள்ளும்போது ஏரி முழுவதையும் ஒரே ஆண்டில் வழித்தெடுக்காமல், பகுதி பகுதியாக அள்ளுவது நல்லது. மேல் வண்டல்தான் ஏரியின் விதைக்கிடங்கு.

தெளிப்பான் கழுவும் இடம் எது?

நீர்த்தெள்ளுகளுக்குப் பூச்சிக்கொல்லி என்றால் ஆகாது. மீன் சாகாத அளவு குறைந்த நஞ்சிலும் அவை செத்துவிடும். மீன் உயிரோடு இருக்கும். ஆனால், குஞ்சுகளுக்கு இரை இருக்காது. தெளிப்பானை ஏரியிலோ வரத்துக் கால்வாயிலோ கழுவவே கூடாது. கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் ‘பிராக்கியோனஸ்’ என்ற ரோட்டிஃபர் வகை மிதமிஞ்சிப் பெருகும். நீர் கெடுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சைக்ளோப்ஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. நரம்புச் சிலந்தி நோயை மனிதருக்குக் கடத்தியது இதுதான். குடிநீரைத் துணியில் வடிகட்டும் பழக்கமும் நோய் ஒழிப்புக்குக் கைகொடுத்தது. இந்தியாவில் 1996-ல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000-ம் ஆண்டில் நோயற்ற நாடாகச் சான்று கிடைத்தது. ஆனாலும், ஏரி நீரை வடிகட்டிக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

குளத்தில் இரை இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம்

* அதிகாலையில், குளத்தின் பல இடங்களிலிருந்து மொத்தம் 50 லிட்டர் நீர் எடுத்து, நெருக்கமான நைலான் வலைத்துணியில் வடிகட்டுங்கள். தேங்கியதை அளவுக்குழாயில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டால் உயிரிகள் அடியில் படியும். 1 முதல் 2 மில்லி இருந்தால் குஞ்சு விடலாம்.

* படிவு பழுப்பாக இருந்தால் விலங்கு மிதவை அதிகம்; பச்சையாக இருந்தால் பாசி அதிகம்.

* நாற்றங்கால் குளத்தில் இரை குறைவாக இருந்தால், 10 சென்ட் பரப்புக்குக் கடலைப்பிண்ணாக்கு 30 கிலோ, சாணம் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இதில் பாதியை நீரில் கரைத்து, குஞ்சு விடுவதற்கு 2, 3 நாள்களுக்கு முன் குளமெங்கும் தெளிக்க வேண்டும். மீதியை 2, 3 தவணைகளாகக் கொடுக்கலாம்.

* முழங்கை வரை கையை நீருக்குள் விடுங்கள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிகுந்துவிட்டது என்று பொருள். உரமிடுவதை நிறுத்துங்கள்.

* விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் பிராணவாயு குறைவு. உடனே புது நீர் பாய்ச்சுங்கள்.

* ஏரியில் புதுவெள்ளம் கலங்கி ஓடும்போதே குஞ்சுகளை விட்டுவிட வேண்டாம். நீர் தெளிந்து, இரை பெருகும்வரை பொறுத்திருங்கள். அந்தக் காத்திருப்புக்கான பலன் அறுவடையில் தெரியும்.