‘பால் பத்தலையாம்மா?’ - கைக்குழந்தையோடு வரும் அம்மாக்களைத் துரத்தும் கேள்வி!

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ நடக்காத நாள் அபூர்வம். அபிராமி சந்நிதியில் மூன்று தலைமுறையும் கூடும் அந்த விசேஷங்களுக்குக் கைக்குழந்தையோடு வரும் மகளோ, மருமகளோ கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

“குழந்தை ஏன் இப்படி மெலிஞ்சிருக்கு?”

“பால் பத்தலையா? ஒரு டப்பா பால் பவுடர் வாங்கிக் குடேன்.”

அக்கறையில் கேட்பதுதான். ஆனால், அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

நிலவரம் என்ன?

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனாலும், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55% பேர்தான். இந்திய சராசரியோ சுமார் 64%.

பயம் எப்படி உண்மையாகிறது?

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். ‘பத்தல’ என்று பாட்டில் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும், சுரப்பும் குறையும். கடைசியில் பால் நிஜமாகவே பத்தாமல் போய்விடும்.

குழந்தை அழுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போகலாம். சில அம்மாக்களுக்குப் பால் பவுடர் உண்மையிலேயே தேவைப்படும். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பயம்தான் கம்பெனிகளுக்கு மார்க்கெட். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட அறிக்கை, பால் பவுடர் தொழிலின் மதிப்பு 5,500 கோடி டாலர் என்றது. எட்டு நாடுகளில் பேசிய பெற்றோர், கர்ப்பிணிகளில் பாதிப் பேர் இந்த விளம்பர வலையில் சிக்கியவர்கள்.

இந்தியாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், உணவு, பாட்டில் எதற்கும் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கூடாது. டாக்டர்களுக்கு கிஃப்ட் கூடாது. டப்பாவில் குழந்தை படம்கூடப் போடக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை.

எனவே ‘அம்மா சாய்ஸ்’ என்று ரீல்ஸில் ஒரு டப்பா வந்தால், அது வெறும் டிப்ஸா, விளம்பரமா என்று யோசியுங்கள்.

வேலைக்குப் போகிற அம்மாக்கள்?

நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. திரும்பி வந்த பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை கேட்கலாம். டெல்டாவில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்கு இதெல்லாம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் உதவி கிடைக்கும். ஆனால் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

நாம் என்ன செய்யலாம்?

2015-லேயே தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களுக்குப் பாலூட்டும் அறைகள் வந்துவிட்டன. மண்டபம் புக் செய்யும்போது ஏசி இருக்கா, பார்க்கிங் இருக்கா என்று கேட்கிறோம். பால் கொடுக்கத் தனி ரூம் இருக்கா என்றும் சேர்த்துக் கேட்கலாம். குழந்தையோடு வந்த பெண்ணிடம் ‘பால் பத்தலையா?’ என்பதற்குப் பதில், ‘நீ சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்டாலே பாதி பாரம் குறையும்.