மைக்ரேன் தலைவலி: அடிக்கடி மாத்திரை போட்டால் வலி அதிகமாகுமா? எத்தனை நாள் வரை போடலாம்?

"தலை வலிக்குது, மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிட்டு வா." பல வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எப்போதாவது ஒருநாள் என்றால் பிரச்னை இல்லை. ஆனால், மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அடிக்கடி வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே புதிய தலைவலியைக் கொண்டுவந்துவிடும். எப்படி? பார்க்கலாம்.

மைக்ரேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மைக்ரேன் வலி பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் விண் விண்ணென்று தெறிக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் வரலாம். மாடிப்படி ஏறினாலே வலி கூடும். குமட்டல், வாந்தி இருக்கும். வெளிச்சம் கண்ணைக் கூசும். மிக்ஸி சத்தம்கூட தாங்க முடியாது. சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம்.

சிலருக்கு வலி தொடங்கும் முன்பே கண் முன்னால் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தெரியும். இதற்கு 'ஆரா' என்று பெயர்.

ஏன் வருகிறது?

மைக்ரேன் உள்ளவர்களின் மூளை, சின்னச் சின்ன மாற்றங்களுக்கும் சட்டென எதிர்வினை காட்டும். பரம்பரையாகவும் வரலாம். ஆண்களைவிட பெண்களுக்கே அதிகம் வருகிறது. மாதவிடாய் நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவது இதற்கு ஒரு காரணம்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, தூக்கம் கெடுவது, வெயில், மன அழுத்தம், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, சென்ட் மாதிரியான கடுமையான வாசனை ஆகியவை வலியைத் தூண்டலாம். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது.

மாத்திரையே வில்லனாவது எப்படி?

வலி மாத்திரைக்கு மூளை பழகிவிட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி வலிக்கும். உடனே இன்னொரு மாத்திரை. இப்படியே வட்டம் சுற்றும். இந்த அளவு 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் ஆபத்து:

* பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை: மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல்
* டிரிப்டான் வகை மருந்துகள், பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகள்: மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல்

இங்கே கணக்கு எத்தனை மாத்திரை என்பதல்ல. எத்தனை நாள் என்பதுதான்.

அப்போ என்ன செய்வது?

* காலண்டரில் தலைவலி வந்த நாளையும், மாத்திரை போட்ட நாளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். டாக்டருக்கு ஸ்கேனைவிட இது பெரும்பாலும் உதவும்.
* டாக்டர் சொன்ன மாத்திரையை வலி தொடங்கியதுமே போடுங்கள். முற்றிய பிறகு போட்டால் சரியாகக் கேட்காது.
* நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். லீவு நாளிலும் இதை மாற்ற வேண்டாம்.
* வலி அடிக்கடி வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகள் உண்டு. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இவற்றில் சில மருந்துகள் உங்களுக்கு ஆகாது.
* அளவுக்கு மீறி மாத்திரை போட்டு வந்தவர்கள் டாக்டர் ஆலோசனையுடன் நிறுத்த வேண்டும். முதல் சில நாள்கள் வலி கூடலாம். பயந்துபோய் மறுபடி தொடங்கிவிடாதீர்கள்.
* ஆரா வருபவர்கள் கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்வது அவசியம். சில வகை மாத்திரைகளால் பக்கவாத ஆபத்து கூடும்.

உடனே மருத்துவமனை போக வேண்டியது எப்போது?

இதுவரை இல்லாத அளவுக்கு இடி விழுந்தது மாதிரி திடீரென வலித்தால், கை கால் மரத்துப்போனால், பேச்சு குளறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தலையில் அடிபட்ட பிறகு வலித்தால் அதை மைக்ரேன் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை மாத்திரை அட்டையைப் பிரிக்கும் முன், இந்த மாதத்தில் இது எத்தனையாவது நாள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.