சிசி இருக்கட்டும், முன்சக்கரம் எத்தனை இன்ச் தெரியுமா?

தார் ரோட்டிலும் ஓடணும், மண் பாதையிலும் இறங்கணும் என்று பைக் தேடுகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது சிசி, அடுத்தது மைலேஜ். குனிந்து முன் டயரில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்தாலே அந்த வண்டியின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும், தெரியுமா?

தெருவில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலும் 17 அல்லது 18 இன்ச். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கும் 21! சக்கரம் பெருக்கப் பெருக்க, வழியில் கிடக்கும் கல் அதற்குச் சிறுத்துப்போகிறது. முட்டி நிற்காமல் ஏறி இறங்கிவிடும். ஆனால் அதே 21, தார் ரோட்டு வளைவில் கொஞ்சம் சோம்பேறி. சட்டென்று சாயாது. அதனால்தான் சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸும் 2020-ல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரும் நடுவாந்திரமாக 19-ல் நின்றன. தினமும் ஆபீஸ், எப்போதாவது காட்டுப் பாதை என்றால் 19 தாராளம் என்பேன்.

பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்ஸும் 19 கட்சிதான். ஓசூரில், டிவிஎஸ் ஆலையில் தயாரான வண்டி! அதன் இன்ஜின் திரும்பி உட்கார்ந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? காற்று முன்பக்கம் நுழைந்து புகை பின்பக்கம் வெளியேறும். மற்ற பைக்குகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

இன்னொரு ஆச்சரியம்: உயிர் காக்கும் ஏபிஎஸ்ஸையே, சரளை இறக்கத்தில் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்வார்கள்! பிரேக்கில் பூட்டிக்கொண்ட சக்கரம் மண்ணைத் தள்ளிக் குவித்து, அந்தக் குவியலிலேயே முட்டி வேகம் இழக்கும். ஏபிஎஸ் பூட்டவே விடாது. வண்டி போய்க்கொண்டே இருக்கும். அணைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். (தார் ஏறியதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.)

எடை? இதைத்தான் யாரும் கேட்பதில்லை! 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 154 கிலோ. ஹிமாலயன் 450, 196 கிலோ. ஏறக்குறைய ஒரு சிமெண்ட் மூட்டை வித்தியாசம். மண்ணில் ஓட்டினால் வண்டி ஒருநாள் படுக்கத்தான் செய்யும். ஆளில்லாத இடத்தில் நிமிர்த்த வேண்டியவர் நீங்கள். அதற்காக எக்ஸ்பல்ஸ்தான் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். நான்குவழிச் சாலையில் நாள் முழுக்கப் போகிறவருக்கு 450-ன் 40 குதிரைத்திறன் கொடுக்கும் சுகத்தை 200 சிசி தராது.

கடைசியாகக் கம்பிச் சக்கரம். குழியில் இடித்தால் அலாய் விரிசல் விடலாம். கம்பி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் வழக்கமான கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் வேண்டும், பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். கம்பியும் இருந்து டியூபும் இல்லாத சக்கரம் உண்டா? உண்டு! ஹிமாலயன் 450-க்குக் கூடுதல் விலை கொடுத்தால் கிடைக்கிறது.